பேக்ல டெஸ்ட் கிட் பாத்து கத்திட்டேன், பொண்ணு இப்போ முகம் குடுத்தே பேசறதில்ல

கேள்வி: டாக்டர், நாங்க வெளிநாட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பொண்ணுக்கு 16, பையனுக்கு 12. போன வாரம் பொண்ணோட ஸ்கூல் பேக்ல பிரெக்னன்சி டெஸ்ட் கிட்டோட காலி டப்பா கிடந்துச்சு. கேட்டா ஃப்ரெண்டுக்கு வாங்கினதுன்னு சொல்றா. நான் நம்பல, கத்தித் தீத்துட்டேன். அவ அப்பா "உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்தோம்"னு சொல்லி அழுதுட்டாரு. அன்னைலேர்ந்து அவ சரியா பேசறதில்ல. லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் 'செக்' பண்ணிடலாம்னு அவரு சொல்றாரு. இதுக்கு நடுவுல பையன் ஸ்கூல்லேர்ந்து எச்பிவிங்கற வைரஸுக்கான தடுப்பூசிக்கு சம்மதம் கேட்டு ஃபார்ம் வந்திருக்கு, பாலியல் கல்வி கிளாஸ் எடுக்கப் போறோம்னு ஒரு லெட்டரும் வந்திருக்கு. இதையெல்லாம் நாமளே பேசினா அனுமதி குடுத்த மாதிரி ஆயிடாதா? எங்க வீட்டுல இந்தப் பேச்சே கிடையாது. எனக்கு இந்த ஊர் பாஷையும் அவ்வளவா வராது, கர்ப்பப்பைல இருக்கற ஃபைப்ராய்டு கட்டிக்கு ஆஸ்பத்திரி போனாகூட பொண்ணுதான் எனக்காக பேசுவா. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம்மா. ஃபைப்ராய்டுக்கு போனா பொண்ணுதான் பேசுவான்னு கடைசியா போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு மொத்த லெட்டர்லயும் அதுதான் பெருசா பட்டுச்சு. ஃபைப்ராய்டுன்னு வந்தா டாக்டர் என்னெல்லாம் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும், நானும் தினமும் அதையேதான் கேக்கறேன். கடைசியா பீரியட்ஸ் எப்போ, எத்தனை நாள் போகுது, கட்டி கட்டியா போகுதா, ஒரு நாளைக்கு எத்தனை பேட், இன்னும் குழந்தை வேணும்னு எண்ணம் இருக்கா, கருத்தடை எதாவது யூஸ் பண்றீங்களா, உறவு வெச்சுக்கும்போது வலிக்குதா. இத்தனையும் உங்க பொண்ணு காதுல வாங்கி உங்ககிட்ட தமிழ்ல கேட்டு பதிலையும் திருப்பிச் சொல்லியிருப்பா. இந்த மாதிரி நான் நிறைய பாத்திருக்கேன், அந்தக் கடைசி கேள்வி வந்ததும் பொண்ணு ஒரு நிமிஷம் ஸ்கேன் ரிப்போர்ட்டையே பாத்துட்டு இருக்கும், அப்புறம் அம்மா பக்கம் திரும்பி "வேற எங்கயாவது வலிக்குதான்னு கேக்கறாங்கம்மா"ன்னு மெதுவா கேக்கும், அம்மா "முட்டி வலி இருக்குன்னு சொல்லு"ம்பாங்க, அந்தப் பக்கம் டாக்டர் வலி இல்லன்னு எழுதிக்குவாங்க. சிரிப்பு வரும், ஆனா யோசிச்சுப் பாருங்க, உங்க கர்ப்பப்பை பத்தி ஒரு டாக்டர் அளவுக்கு தெரிஞ்ச பொண்ணு வீட்டுக்குள்ள இருக்கா, எங்க வீட்டுல இந்தப் பேச்சே கிடையாதுன்னு நீங்க சொல்றீங்க. உங்களுக்காக அவ பேசிட்டா. அவளுக்காக பேச ஆள் இல்ல, அவ்வளவுதான். (அடுத்த தடவை அப்பாயின்ட்மென்ட் போடும்போதே மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, நிறைய ஆஸ்பத்திரில ஃபோன்லயே ஏற்பாடு பண்ணிக் குடுப்பாங்க. பிள்ளைங்கள வெச்சு இதைப் பண்றது அதுங்களுக்கும் கஷ்டம், உங்க வைத்தியத்துக்கும் நல்லதில்ல.)

இப்போ அந்த டப்பா விஷயம். ஃப்ரெண்டுக்கு வாங்கினதுன்னு அவ சொன்னது உண்மையாவே இருக்கலாம். தைரியமான பொண்ணு கடைல போய் வாங்கிக் குடுக்கறதும், அந்த இன்னொரு பொண்ணு டாய்லெட்ல உக்காந்து ரெண்டாவது கோடு வருதான்னு பாத்துட்டு அழறதும் எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான். அது யாரோடதுன்னு விசாரணை பண்ணாதீங்க, அந்தக் கேள்விக்கு இனிமே உங்களுக்கு நேரான பதில் கிடைக்காது. யாருக்கா இருந்தாலும் உதவற மாதிரி விஷயத்தை மட்டும் சொல்லுங்க. பீரியட்ஸ் தள்ளிப் போன நாள்லேர்ந்து டெஸ்ட் பண்ணலாம். தேதி சரியா தெரியலன்னா கடைசியா உறவு நடந்து 21 நாள் கழிச்சு பண்ணினாதான் நம்பிக்கையான ரிசல்ட், அதுக்கு முன்னாடி நெகட்டிவ்னு வந்தா அதை நம்பி விட்டுடக் கூடாது. பாசிட்டிவ்னா நாள் கடத்தாம டாக்டர்கிட்ட போகணும், என்ன முடிவு எடுக்கறதா இருந்தாலும் சீக்கிரம் போனவங்களுக்குத்தான் வழி அதிகம். அடிவயித்துல ஒரு பக்கமா தாங்க முடியாத வலி, மயக்கம் வந்தா நேரா எமர்ஜென்சிக்குப் போயிடணும், கரு கர்ப்பப்பைல இல்லாம குழாய்ல தங்கியிருந்தா உயிருக்கே ஆபத்து.

ஏன் இதை முதல்ல சொல்றேன்னா, இந்த விஷயத்துல முக்கால்வாசி வைத்தியத்துக்கு கெடு இருக்கு. அவசர கருத்தடை மாத்திரைல ஒரு வகை 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்னொரு வகை 120 மணி நேரம் வரைக்கும் வேலை செய்யும். காப்பர் டி 5 நாளுக்குள்ள வெச்சா இது ரெண்டையும்விட நம்பகமானது. அந்த மாத்திரை கருவைக் கலைக்கறது இல்ல, கருமுட்டை வெளில வர்றதைத் தள்ளிப் போடுது. அதனாலதான் லேட் ஆகக் கூடாது. எச்ஐவி தொத்தியிருக்குமோன்னு பயம் இருந்தா அதுக்கும் மாத்திரை இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் எடுக்கணும். யாராவது பலவந்தம் பண்ணியிருந்தாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தடயம் எடுக்கறதுக்கும் சேத்து. இப்போ உங்க பொண்ணு இடத்துல நின்னு பாருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒண்ணு நடந்துடுச்சு, சனி ஞாயிறு நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கீங்க, அவ குளிக்கும்போது அழுதுட்டு வெளில வந்து ஒண்ணும் இல்லன்னு சொல்றா, திங்கள் சாயந்திரம் எப்படியோ ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொல்லி செவ்வாய்க்கிழமை கிளினிக் கதவைத் தட்டறா, அதுக்குள்ள 72 மணி நேரம் தாண்டிடுச்சு. வீட்டுல பேச்சு இல்லாததோட விலை இந்த மூணு நாள்தான். ஒழுக்கம் கெட்டுடும் கெட்டுடாதுன்னு நாம வாதாடிட்டே இருக்கலாம், எனக்கு இந்த மூணு நாள் போதும், பேசித்தான் ஆகணும்னு சொல்றதுக்கு.

உங்க வீட்டுக்காரர் சொல்ற 'செக்' பத்தி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிடறேன். ஒரு பொண்ணு உறவு வெச்சிருக்காளா இல்லையான்னு உடம்பைப் பாத்துச் சொல்ற டெஸ்ட் உலகத்துல எந்த டாக்டர்கிட்டயும் கிடையாது. கன்னித்திரைன்னு சொல்ற அந்தச் சவ்வு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும், பாத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. 2018 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் சேந்து இந்தப் பரிசோதனையவே ஒழிக்கணும்னு அறிக்கை விட்டாங்க. பிரிட்டன்ல 2022லேர்ந்து அதைப் பண்றது குற்றம், வேற சில நாடுகள்லயும் டாக்டருங்க பண்ண மாட்டேன்னு சொல்றதோட நிக்காம குழந்தைகள் பாதுகாப்புக்கு ரிப்போர்ட் பண்ணலாம். அவரு பயத்துல சொல்றாருன்னு எனக்குப் புரியுது. ஆனா கிளினிக் கதவைத் தாண்டி அந்த ஒரு நாள் அவளைக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் அவ உடம்பு பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா.

அனுமதி குடுத்த மாதிரி ஆயிடாதான்னு கேட்டீங்க. எல்லா அம்மாவும் கேக்கறதுதான். யுனெஸ்கோ 2018ல பல நாட்டு ஆய்வுகளையும் தொகுத்துப் பாத்து பாலியல் கல்வி குடுத்தா பிள்ளைங்க சீக்கிரம் ஆரம்பிக்கறது இல்லன்னு எழுதினாங்க, சில இடத்துல இன்னும் தள்ளித்தான் போட்டிருக்காங்க, செய்யறவங்களும் பாதுகாப்பா செஞ்சிருக்காங்க. ஆனா நீங்க ஆய்வு படிச்சு மாறப் போறதில்ல, அதனால வேற மாதிரி சொல்றேன். உங்க கருத்தை நீங்க மறைக்கவே வேண்டாம். "படிப்பு முடியற வரைக்கும் இதெல்லாம் வேண்டாம்னுதான் நான் நினைக்கறேன்"னு தாராளமா சொல்லுங்க, அவளும் உங்ககிட்ட அதைத்தான் எதிர்பாப்பா, திடீர்னு நீங்க மாடர்ன் அம்மா வேஷம் போட்டா அவளுக்கே சந்தேகம் வரும். ஆனா அந்த வாக்கியத்தோட அங்கயே நிறுத்தாதீங்க. "அதை மீறி எதாவது நடந்துடுச்சுன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் என்னை எழுப்பு, அன்னைக்கு நான் கேள்வி கேக்க மாட்டேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்." இதையும் சேத்துச் சொல்லுங்க. முதல் வாக்கியம் மட்டும் சொல்ற வீடுகள்லேர்ந்து வர்ற பொண்ணுங்களத்தான் நான் நாலாவது நாள் பாக்கறேன்.

சொன்னா அந்த வார்த்தைல நிக்கணும். அன்னைக்குக் கேள்வி கேக்கக் கூடாதுன்னா கேக்கவே கூடாது, திட்டறதுக்கு அடுத்த வாரம் இருக்கு.

"உங்களுக்காகத்தானே இங்க வந்தோம்" விஷயத்துக்கு வரேன், புலம்பெயர்ந்த வீடுகள்ல இது எல்லார் வாய்லயும் வரும், தப்பான எண்ணத்துல யாரும் சொல்றதில்ல. ஆனா பிள்ளைங்க காதுல அது எப்படி விழுதுன்னு என் ரூம்ல உக்காந்து அதுங்களே சொல்லும். அப்பா அடிப்பாருன்னு பயந்து மறைக்கற பிள்ளைங்கள விட அப்பா உடைஞ்சு போயிடுவாருன்னு மறைக்கறதுங்கதான் என்கிட்ட அதிகம் வருது. ரெண்டு ஷிஃப்ட் வேலை பாக்கறாரு, முதுகு வலின்னு படுக்கறாரு, ஊர்ல இருக்கறவங்களுக்கு நம்ம படிப்பைச் சொல்லித்தான் தலை நிமிர்ந்து பேசறாரு, அவருகிட்ட போய் இதைச் சொல்லணுமா? இந்தக் கணக்கைப் போட்டுட்டு அதுங்க தனியா மாட்டிக்கும். அதோட இன்னொரு பயமும் இருக்கு, வீட்டுல சொன்னா அத்தை சித்தி பெரியப்பான்னு வாட்ஸ்அப்ல ஊர் முழுக்க போயிடும்னு. அதனால நீங்க அவளுக்குக் குடுக்க வேண்டிய முதல் வாக்கு இதுதான், "நீ சொல்றது அப்பாவைத் தாண்டி யாருக்கும் போகாது, பாட்டிக்குக்கூட." அப்பாவுக்கே சொல்ல வேண்டாம்னு அவ கேட்டா, உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இல்லாத வரைக்கும் அதையும் ஒத்துக்குங்க.

எப்படி ஆரம்பிக்கறது? நேருக்கு நேர் உக்காத்தி வெச்சு "உன்கிட்ட பேசணும்"னு ஆரம்பிச்சா அவளுக்கு அது போலீஸ் ஸ்டேஷன். காரோட்டும்போது, துணி மடிக்கும்போது, முகத்தைப் பாக்காம பேசற மாதிரி ஒரு இடம் பாருங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் பேசி முடிக்கணும்னு நினைக்காதீங்க. முதல் நாள் இவ்வளவு போதும்: "அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பயந்துட்டேன். அது யாரோடதா வேணா இருக்கட்டும், நான் இனி கேக்கல. அந்தப் பொண்ணுக்கு டாக்டர் தேவைப்பட்டா நான் வரேன். உனக்கா இருந்தாலும் வரேன்." அவ ஹெட்ஃபோனைக் கழட்டாம "ம்"னு சொல்லுவா. அந்த ம் உங்களுக்குப் போதும். உங்களுக்கு எதுவும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு என் ஃபைப்ராய்டு டாக்டர்கிட்ட நீ கேட்டுக் குடுத்த மாதிரி இதையும் சேந்து கேப்போமான்னு கேளுங்க. உங்களுக்குப் பாடம் எடுக்க வராது, வர வேண்டியதும் இல்ல.

அப்புறம் வர்ற பேச்சுகள்ல என்னென்ன சொல்லணும்? ஸ்கூல்ல கருத்தரிப்பு பத்தி நிறைய சொல்லுவாங்க, ஆனா நான் கிளினிக்ல அதிகம் பாக்கறது கிளமிடியான்னு ஒரு தொற்று. பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது, கண்டுக்காம விட்டா கருக்குழாய் கெட்டுப் போய் பின்னாடி குழந்தை தங்கறதே பிரச்சனை ஆகலாம். யூரின்லயோ அவளே எடுத்துக் குடுக்கற பஞ்சுலயோ டெஸ்ட் பண்ணலாம், ஆன்டிபயாட்டிக்ல சரியாயிடும், கல்யாணம் ஆகி குழந்தை இல்லாம அலையறப்போதான் தெரிய வரணும்னு இல்ல. காண்டம் பத்தி வாயால சொல்ல கூச்சமா இருந்தா பரவால்ல, கருத்தடை மாத்திரை கருவை மட்டும்தான் தடுக்கும் நோயைத் தடுக்காது, காண்டம் ரெண்டுக்கும் உதவும்னு ஒரு வரி சொன்னா போதும். ஆமா, நாளைக்கே அவ அலமாரில கருத்தடை மாத்திரை அட்டை கிடைச்சா அதுக்கும் ஒரு பூகம்பம் பண்ணிடாதீங்க, பீரியட்ஸ் வலிக்கும், பிசிஓஎஸ்னு சொல்ற சினைப்பைப் பிரச்சனைக்கும், முகப்பருவுக்கும் அதே மாத்திரையத்தான் நாங்க எழுதித் தரோம்.

இதெல்லாத்தையும் விட முக்கியமா நான் நினைக்கறது, இஷ்டமில்லன்னா வேண்டாம்னு சொல்ல அவளுக்கு வரணும். பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசக் கூடாதுன்னே சொல்லி வளத்துட்டு வெளில மட்டும் தைரியமா இருன்னா எப்படி வரும்? வீட்டுக்கு வர்ற சொந்தக்காரர் தோள்ல கை போட்டா அவ நகந்துக்கறான்னு வைங்க, "மரியாதை இல்லாம நடந்துக்காதே"ன்னு நீங்க சொல்லாம இருந்தாலே பாதி பாடம் முடிஞ்சுது. நீங்க இருக்கற நாட்டுல சம்மத வயசு என்னன்னு நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்குங்க, நாட்டுக்கு நாடு மாறும், ஊர்ல இருக்கற சட்டம் அங்க செல்லாது.

அவளைத் தனியா டாக்டர்கிட்ட பேச விடுங்கன்னு சொன்னா நிறைய பேருக்கு கோவம் வருது. பிரிட்டன்ல ஒரு அம்மா இதே கோவத்தோட கோர்ட்டுக்குப் போனாங்க, 16 வயசுக்குக் கீழ இருக்கற பொண்ணுக்கு என்னைக் கேக்காம கருத்தடை ஆலோசனை குடுக்கக் கூடாதுன்னு. 1985ல, அப்போ அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி இருந்த பிரபுக்கள் சபை அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணி, விஷயத்தைப் புரிஞ்சுக்கற பக்குவம் இருந்தா அந்தப் பொண்ணே சம்மதம் குடுக்கலாம்னு சொல்லிடுச்சு. நிறைய நாடுகள்ல டாக்டருங்க ஏறக்குறைய இதே வழிலதான் போறாங்க, ஆபத்து எதாவது இருந்தா தவிர ரகசியம் ரகசியமாவே இருக்கும். நீங்க வெளில உக்காந்திருக்கற அந்தப் பத்து நிமிஷத்துல அவ எங்ககிட்ட சொல்றது பாதி நேரம் வெள்ளைப்படுதல், மாரு ஒண்ணு சின்னதா இருக்கு, பீரியட்ஸ் வலி, இந்த அளவுதான். நீங்க கற்பனை பண்ற அளவுக்கு எல்லாம் இல்ல.

பையனோட ஃபார்ம்ல கையெழுத்து போடுங்க, ரெண்டாவது யோசனையே வேண்டாம். எச்பிவி ஊசிய 9லேர்ந்து 14 வயசுக்குள்ள போடறதுதான் நல்லது, அந்த வைரஸோட எந்தத் தொடர்பும் வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழு பலன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல சுமாரா 70 சதவீதம் இந்த வைரஸோட 16, 18ங்கற ரெண்டு வகையால வர்றது. பையனுக்கு எதுக்குன்னா, தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புல வர்ற புற்றுநோய் பலதுக்கும், பிறப்புறுப்புல வர்ற மருவுக்கும் இதே வைரஸ்தான் காரணம். ஸ்காட்லாந்துல 12, 13 வயசுலயே முழுசா ஊசி போட்டுக்கிட்ட பொண்ணுங்கள்ல ஒருத்தருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரலன்னு 2024ல கணக்கு வெளில வந்துச்சு. மலடாயிடும்னு வாட்ஸ்அப்ல வர்றதுக்கு ஆதாரமே கிடையாது. பொண்ணுக்குப் போட்டாச்சான்னு ரெக்கார்டைத் தேடிப் பாருங்க, இல்லன்னா 16லயும் போடலாம், எத்தனை டோஸ்னு அங்க இருக்கற டாக்டர் சொல்லுவாங்க. பாலியல் கல்வி கிளாஸ்லேர்ந்து அவனை எடுக்காதீங்க. எடுத்தா அவன் அந்த ஒரு மணி நேரம் லைப்ரரில உக்காந்திருப்பான், மத்த முப்பது பசங்களும் கேட்டதை மதியம் ரெண்டு மடங்கு மசாலா சேத்து அவனுக்குச் சொல்லுவாங்க.

அவன்கிட்ட பேச வேண்டிய ஆள் உங்க வீட்டுக்காரர். பொண்ணு விஷயத்துல எல்லாரும் நடுங்கறோம், பையன் கைல ஃபோனைக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கறோம், ஆனா இப்போ மிரட்டல் கும்பல் தேடறது இந்த வயசை ஒட்டின ஆம்பளப் பசங்களத்தான். ஒரு பொண்ணு மாதிரி பேசி, ஒரு படம் அனுப்பச் சொல்லி, வந்ததும் காசு குடு இல்லன்னா உன் கிளாஸ் முழுக்க அனுப்பிடுவேன்னு மிரட்டுவாங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க தன் நிர்வாணப் படத்தைத் தானே எடுத்து அனுப்பினாகூட பல நாட்டுல சட்டச் சிக்கல்தான். அப்பா அவன்கிட்ட சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அந்த மாதிரி எதாவது வந்தா காசு அனுப்பாதே, சாட் மெசேஜை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு என்கிட்ட வா, ஃபோனைப் பிடுங்க மாட்டேன்." அமெரிக்காவுல காணாமப் போன, சுரண்டப்படற குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்'னு ஒரு இலவச சேவை நடத்தறாங்க, 18 வயசுக்குள்ள எடுத்த படம்னா அதோட டிஜிட்டல் கைரேகைன்னு ஒரு கோடை (code) மட்டும் அவன் ஃபோன்லயே உருவாக்கி, சேந்திருக்கற தளங்கள்லேர்ந்து அந்தப் படத்தை எடுக்க உதவுவாங்க, படம் அவன் ஃபோனை விட்டு வெளில போகாது. எந்த நாட்டுலேர்ந்தும் யூஸ் பண்ணலாம்.

உங்க வீட்டுக்காரருக்கு இந்த லெட்டர் முழுசையும் படிக்கக் கூச்சமா இருந்தா இதுக்கு மேல இருக்கற பாராவை மட்டும் அனுப்பி வைங்க, அவரு வேலைக்குப் போற வழில படிச்சுக்கட்டும்.